ஹருசேயின் இடது கை

“பொம்மைப் படத்துல இவளுக்கு வேர்க்கவே வேர்க்காது. இங்க பாரு, மூக்கு நுனியில பொடிப்பொடியா நிக்குது” என்று இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் தன் மகளிடம் சொன்னாள். குறையாகச் சொன்னாளா, மெச்சிச் சொன்னாளா, குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. மகள் “ஸ்ஸ், பேசாம பாரும்மா” என்றாள். அதோடு அது முடிந்திருக்க வேண்டும். ஆனால் கடைசி வரிசை மூலையில், துப்பட்டாவைத் தலைவரைக்கும் இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்த இளமதிக்கு அந்தப் பேச்சு முள்ளுச்செடியில் தாவணி மாட்டுவதுபோல் மாட்டிக்கொண்டது. அது சரியில்லை, வேர்க்கும், என்று அவள் மனம் தன்பாட்டுக்குத் திருத்தம் சொன்னது. வரைந்த படத்திலும் வேர்க்கும், நெற்றியோரமாக ஒரே ஒரு நீலத்துளி, பலாக்கொட்டை அளவுக்கு, அது வந்தால் சிரிக்க வேண்டும் என்று அர்த்தம், அதைத் துடைத்துக்கொள்ள யாருக்கும் கை வராது, அடுத்த காட்சியில் அதுவாகவே காணாமல் போயிருக்கும். இந்த வேர்வை அப்படிப் போகவில்லை. திரையில் ஹருசேயாக நடிக்கும் பெண் மணிக்கூண்டின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தாள், மூச்சு வாங்கியது, மேலுதட்டில் ஈரம், காதோரத்தில் விக் முடிகிற இடத்தில் தோல் கொஞ்சம் சுருங்கியிருந்தது. விக் தெரியுது என்று எழுதலாம், என்று ஒரு விரல் துடித்தது. உடனே அந்த விரலை மடக்கிக்கொண்டாள். ஏசி ஓடியும் உள்ளங்கை நசநசவென்றிருந்தது. இவளுக்கும் வேர்த்தது. கண்ணை ஸ்கிரீனில் வைத்துக்கொள்ள வேண்டும், கீழே பார்க்கக் கூடாது, கீழே பார்த்தால் நான்காவது வரிசையில் நாவல்பழ நிறத்தில் ஒரு கோட்டுத் தோள் தெரியும், அதற்குப் பக்கத்தில் ஒரு காலி இருக்கை, அந்த இருக்கையில் ஒரு பை. பார்த்துவிட்டாள். பை அங்கேதான் இருந்தது.

அந்த இருக்கை இளமதியுடையது. போன வாரமே ரோஸ்லின் இரண்டு டிக்கெட் எடுத்து, பக்கத்துப் பக்கத்து இருக்கை, நடுவில் கைப்பிடியைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், பாப்கார்ன் ஒரே டப்பாவாக வாங்கலாம் என்றெல்லாம் சொல்லியிருந்தாள். இன்றைக்குக் காலையில் இளமதி, காய்ச்சலா இருக்குடி, எந்திரிக்கவே முடியல என்று மெசேஜ் போட்டாள். போட்டுவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், பொய் சொன்னதற்காவது கொஞ்சம் சுடாதா என்று, சுடவில்லை. ரோஸ்லின் கோபப்படவில்லை. கஞ்சி குடி, மாத்திரை போடு, தூங்கு, நான் மட்டும் போய்ட்டு வந்து சொல்றேன் என்றாள். அதோடு விட்டிருந்தால் இளமதி வீட்டிலேயே படுத்திருப்பாள். பன்னிரண்டு மணிக்கு மேல் ஏதோ ஒன்று உள்ளே பிறாண்ட ஆரம்பித்தது. ஊரே திட்டுகிற படம், அவளே திட்டி எழுதிய படம், சேலத்தில் ஒரே தியேட்டரில் ஒரே காட்சி, அதுவும் நாளைக்கு இருக்குமோ இருக்காதோ. லைப்ரரிக்குப் போறேம்மா என்று இன்னொரு பொய். டிக்கெட் கவுன்ட்டரில் இருந்த ஆள் “எங்க வேணும்னாலும் உக்காருங்க, ஈ ஓட்டுது” என்று சொன்னதும் கடைசி வரிசை என்றாள். ரோஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்க்க அவளால் முடியாது. பார்க்காமல் இருக்கவும் முடியாது. ஒரு பொய்யை வைத்து இரண்டையும் சமாளித்துவிட்டதாக, இருட்டில் படியேறும்போது ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. பிறகுதான் முன்னால் அந்தக் கோட்டைக் கண்டாள். போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அத்தனைக்குப் பிறகும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஜப்பானில் வரைந்து எடுத்த ‘மூடுபனித் துறை’ தொடரைக் கல்லூரி இரண்டாம் வருடத்தில் இளமதிக்குக் காட்டியதே ரோஸ்லின்தான். பனி மூடிய ஒரு துறைமுகம், வழி தெரியாத படகுகளுக்காக மணி அடிக்கும் ஹருசே என்ற பெண், அவளுடைய கோட்டின் இடது கை மட்டும் விரல்களையும் தாண்டித் தொங்கும். அதற்குள் கை எப்படி இருக்கிறது என்று தொடர் முடிகிறவரைக்கும் காட்டவே மாட்டார்கள். தீயில் வெந்த கை என்று மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள். ஹருசே அதிகம் பேச மாட்டாள். கேட்டதற்கு ஒரு சொல், கேட்காததற்கு மணி. இளமதி அவளைப் பார்த்த முதல் நாளே, இது நான்தான், என்னை யாரோ பார்த்து வரைந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். செமினாரில் எழுந்து நின்று வாய் திறக்காமலே உட்கார்ந்தவள், பஸ்ஸில் நிறுத்தம் தாண்டிப் போனாலும் இறங்கணும் என்று சொல்ல வெட்கப்பட்டு அடுத்த நிறுத்தம்வரை போய் நடந்து வருகிறவள், அவளுக்கு அந்தத் தொங்கும் கை போதுமாக இருந்தது. அதைக் காட்டாமலே ஒருத்தி வாழ்ந்துவிட முடியும். அதனால்தான் இப்போது மனிதர்களை வைத்து இதைப் படமாக எடுத்து, அந்தக் கையைக் காட்டப் போகிறார்கள் என்று செய்தி வந்தபோது தமிழ் ரசிகர் குரூப்பில் எல்லோரையும்விட அதிகம் கொதித்தவள் அவள். கொதித்தவள் என்றால் இளமதி இல்லை, உப்புக்காற்று. குரூப்பில் அவளுக்கு அந்தப் பெயர்தான். முகம் கிடையாது, ஊர் கிடையாது, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. கட்டைவிரலுக்கு மட்டும் கூச்சம் கிடையாது. ‘வரைந்த முகத்துக்குச் சதை வைக்காதீர்கள். அவள் மறைத்ததைத் திறக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது?’ என்று ஆரம்பித்து அவள் எழுதிய புறக்கணிப்பு அறிக்கையை எங்கெங்கோ எடுத்துப் போட்டார்கள். அந்த வாரமே அவளை அட்மின் ஆக்கினார்கள். ரோஸ்லினிடம் மட்டும், நான் சும்மா படிப்பேன்டி, எழுதவெல்லாம் மாட்டேன் என்று சொல்லிவைத்திருந்தாள். ஏன் அப்படிச் சொன்னாள்? எழுதுகிறவள் யார் என்று தெரிந்தால் எழுத வராது என்ற பயம், அவ்வளவுதான், அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அப்போது இல்லை. “அந்த உப்புக்காற்று யாரோ தெரியலடி, என்னமா எழுதுது! அது எழுதினத நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன்” என்று ரோஸ்லின் சொன்னபோது இளமதி வேறு பக்கம் திரும்பி நூலைப் பல்லால் கடித்தாள்.

நூல், ஏனென்றால் அப்போது இருவரும் அந்தக் கோட்டைத்தான் தைத்துக்கொண்டிருந்தார்கள். கோயம்புத்தூரில் ஏதோ விழாவுக்கு ஹருசே வேடம் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று ரோஸ்லினுக்கு ஆசை. சின்னக்கடை வீதியில் கடை கடையாக ஏறி, அந்த நிறம் இல்லை, அந்தக் கனம் இல்லை என்று வாங்கிய துணி. இளமதி திரையிலிருந்து அளவெடுத்துத் தாளில் வெட்டிக்கொடுத்தாள், அப்படியே வரைந்தபடிக்கு, ஒரு இம்மிகூடப் பிசகாமல். போட்டுப் பார்த்தால் ரோஸ்லினுக்குக் கை மேலே தூக்க வரவில்லை. அவள் கண்ணாடிக்கு முன்னால் பாதித் தூக்கிய கையோடு நின்று சிரிசிரியென்று சிரித்தாள். “வரைஞ்ச பொண்ணுங்களுக்கு அக்குளும் கெடையாது, இடுப்புச் சதையும் கெடையாதுடி. நமக்கு ரெண்டு இஞ்சு சேத்து வெட்டு.” சேர்த்து வெட்டினார்கள். இடது கையின் ஓரத்தில் வெள்ளை நூலால் அலைகள், சங்கிலித் தையல், அது முழுக்க இளமதி போட்டது. மூன்றாவது அலை கொஞ்சம் கோணல். பிரிக்கிறேன் என்றாள். வேண்டாம், அது இருக்கட்டும், அப்பத்தான் நீ போட்டதுன்னு தெரியும் என்றாள் ரோஸ்லின். இப்போது இத்தனை தூரத்தில், திரையின் வெளிச்சம் மாறும்போதெல்லாம், முன் இருக்கையின் முதுகில் நீட்டிக்கிடந்த அந்தக் கையின் ஓரத்தில் வெள்ளை மினுங்கியது. கோணல் இங்கிருந்து தெரிய வாய்ப்பில்லை. தெரிந்தது.

ட்ரெய்லர் வந்த அன்றைக்கு எல்லோரும் காறித் துப்பிக்கொண்டிருந்தபோது ரோஸ்லின் தன் சொந்தப் பெயரிலேயே, எனக்குப் பிடிச்சிருக்கு, மணிக்கயித்தப் பிடிக்கும்போது அவ கை நடுங்குது பாத்தீங்களா, வரைஞ்சதுல நடுங்காது என்று எழுதினாள். கூடவே கோட்டோடு எடுத்த போட்டோ ஒன்று. மொட்டை மாடி, பின்னால் துணி காயும் கொடி, வெயிலில் கறுத்த முகம் பளபளவென்று, கன்னம் உப்ப ஒரு சிரிப்பு. ஹருசே சிரிக்கவே மாட்டாள். அட்மின்களுக்கு மட்டும் என்று தனியாக ஒரு சின்ன அறை உண்டு. அங்கே ஒருவன் அந்தப் போட்டோவைக் கொண்டுவந்து போட்டு ஒன்றும் சொல்லாமல் மூன்று புள்ளி வைத்தான். எல்லோரும் காத்திருந்தார்கள். யாராவது ஏதாவது சொல்லப் போகிறார்கள், நிறத்தைச் சொல்வார்கள், உடம்பைச் சொல்வார்கள், அதற்கு முன்னால் நாமே லேசாக ஒன்றைச் சொல்லிவிட்டால் அது அதோடு போய்விடும் என்றுதான் இளமதி எழுதினாள். அப்படித்தான் நினைத்தாளா? நினைத்தாள் என்று இத்தனை நாளும் தனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லச் சொல்ல அது தேய்ந்து, அடியில் இருப்பது தெரிய ஆரம்பித்துவிட்டது. அடியில் இருந்தது வேறு. காத்திருந்தவர்கள் சிரிக்க வேண்டும், தன்னால் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். ‘தமிழ் லைவ் ஆக்‌ஷனும் வந்தாச்சு’ என்று எழுதினாள். வரைந்த கதையை ஆட்களை வைத்து எடுப்பதற்குத்தான் லைவ் ஆக்‌ஷன் என்று பெயர். அந்தக் குரூப்பில் அது பெயரில்லை, வசவு. அசலைக் கெடுத்த நகல், கனவுக்குத் தொப்பை வைத்தது. சிரிப்புப் பொம்மைகள் மளமளவென்று விழுந்தன. கரும்பூனை என்ற பெயரில் இருந்த அட்மின் அடுத்த நிமிடமே ஹருசேயின் படத்தையும் ரோஸ்லினின் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, மேலே அந்த வரியைப் போட்டுப் பொதுவில் விட்டுவிட்டான். அவன் பெயரில். நல்லவேளை, அவன் பெயரில், என்று நினைத்தாளே, அந்த நல்லவேளையை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? பட்ஜெட் இல்லையாம், அரிசி மூட்டைக்குக் கோட்டு போட்டது யாரு, ஹருசே மணியை முழுங்கிட்டா என்று ஊர் முழுக்கச் சிரித்தது. முதலில் சிரித்தவர்களில் ரோஸ்லினும் ஒருத்தி. கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் பொம்மை ஒன்றை அவளே போட்டாள். அதைத்தான் இளமதியால் மறக்க முடியவில்லை. மற்றதையெல்லாம் எழுதியவர்கள் எழுதினார்கள். அந்தப் பொம்மையைத் தேடிப் பிடித்து அழுத்திய விரல் எப்படி இருந்திருக்கும்? கொஞ்ச நேரம் கழித்து, ரோஸ்லின் குழுவிலிருந்து வெளியேறினார் என்று சின்ன எழுத்தில் வந்தது. மறுநாள் போனில் அவள் அழவில்லை. “யாருடி அந்தக் கரும்பூனை, உனக்குத் தெரியுமா?” தெரியாது. “விடு, அவன் கெடக்கறான். அந்த உப்புக்காற்று ஏதாவது சொல்லும்னு பாத்துட்டே இருந்தேன்டி. ஒண்ணுமே சொல்லல.” இளமதி ம் என்றாள்.

திரையில் பனி. மணிக்கூண்டின் உச்சியில் ஹருசே. கயிறு அறுந்துவிட்டது, மணியின் நாக்கை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால்தான் உண்டு. வரைந்ததில் இந்த இடத்தில் ஒரு காற்று வரும், காட்சி அப்படியே கடலுக்குப் போய்விடும், மணியோசை மட்டும் கேட்கும். இதுதான், இங்கேதான் காட்டப் போகிறார்கள் என்று இளமதி கைப்பிடியை இறுக்கினாள். அவள் அறிக்கையில் எழுதியது இந்த இடத்தைப் பற்றித்தான். காற்று வரவில்லை. அந்தப் பெண் பல்லால் கோட்டின் கையைக் கவ்வி மேலே இழுத்தாள். கை வெளியே வந்தது. ரப்பர் தோல், மணிக்கட்டுப் பக்கம் ஒட்டு தெரிகிறது, நிறம் சேரவில்லை என்று பழகிய கண் ஒவ்வொன்றாக எண்ணிப் பொறுக்கியது. பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கை இரும்பைத் தொட்டுக் குளிரில் சுண்டியது. வேடத்துக்குள் இருந்த உண்மையான கை அது. எங்கேயோ ஒரு ஊரில், ஒரு விடியற்காலையில், யாரோ ஒரு பெண்ணுக்கு உண்மையிலேயே குளிர்ந்திருக்கிறது. அவள் விடாமல் பிடித்துக்கொண்டு ஆட்டினாள், அழகாக இல்லை, முகம் கோணிப்போய், மூக்கு ஒழுக. ஐயோ, பிடித்திருக்கிறது. இது எனக்குப் பிடித்திருக்கிறது. ரோஸ்லின் சொன்னதேதான், சொன்ன அதே நடுக்கம்தான். அழுகை வந்தது, அழக்கூட உரிமையில்லாத இடத்தில் உட்கார்ந்து அழுகிறோம் என்று கூடவே ஒரு நினைப்பும் வந்தது. “பாவம்டி, கையப் பாரு” என்றாள் அந்த அம்மாள். கீழே நான்காவது வரிசையில் ஒரு போனின் வெளிச்சம் எழுந்தது. இரண்டு மூச்சு கழித்து இளமதியின் மடி அதிர்ந்தது. ‘கைய காமிச்சிட்டாங்கடி. நீ இருந்திருக்கணும். காய்ச்சல் எறங்குச்சா? உன் சீட்ல யாரும் வந்து உக்காந்துரக் கூடாதுன்னு என் பைய வச்சிருக்கேன். இன்டர்வெல்ல கூப்பிடுறேன்.’ அரங்கில் முக்கால்வாசி இருக்கை காலி. யார் வந்து உட்காரப் போகிறார்கள்? கூப்பிடப் போகிறாள். இளமதியின் போன் அடித்தால் ஹருசேயின் மணிதான் அடிக்கும், வரைந்த தொடரின் அதே மணி, ரோஸ்லினே வைத்துக்கொடுத்தது. அவசர அவசரமாகச் சத்தத்தை அடக்கினாள்.

விளக்குகள் எரிந்தன. எல்லாமே திடீரென்று சின்னதாகிவிட்டது, அழுக்குத் தரை, கிழிந்த ரெக்ஸின், அங்கங்கே பத்துப் பதினைந்து தலைகள். இளமதி செருப்பைத் தேடுகிறவளைப்போல் குனிந்துகொண்டாள். இருக்கைகளின் இடுக்கு வழியாக ரோஸ்லின் போனைக் காதில் வைப்பது தெரிந்தது. உள்ளங்கையில் போன் உயிருள்ள எதுவோபோலத் துடித்தது. இவள் கையில் துடிக்கிறது, அவள் அங்கே காத்திருக்கிறாள், தலையைச் சாய்த்து, ஒரு காலை ஆட்டிக்கொண்டு, சொல்வதற்கு நிறைய வைத்துக்கொண்டு. நின்றது. ரோஸ்லின் போனைப் பார்த்தாள். தூங்குகிறாள் என்று நினைத்திருப்பாள். நல்லதாகத்தான் நினைப்பாள், அவளுக்கு வேறு மாதிரி நினைக்க வராது. அப்போது நடு வரிசையிலிருந்து மூன்று பையன்கள் எழுந்தார்கள். “டேய், அந்தக் கோட்டைப் பாருடா. நம்ம குரூப்புல போட்டாங்கல்ல, அந்தப் பொண்ணுடா!” “எந்தப் பொண்ணு?” “தமிழ் லைவ் ஆக்‌ஷன்டா!” “மெதுவா பேசுடா எரும. ஆமா, படத்தப் புறக்கணிக்கணும்னு சொல்லிட்டு நீ எதுக்குடா வந்த?” “திட்டுறதுக்காவது பாக்கணும்ல?” சிரித்தபடி படியிறங்கினார்கள். ஒருவன் ரோஸ்லினிடம் குனிந்து, “அக்கா, ஒரே ஒரு போட்டோக்கா. கோட்டு செமயா இருக்குக்கா” என்றான். வேண்டாம் என்று சொல், என்று இளமதி பல்லுக்குள் சொன்னாள். ரோஸ்லின் எழுந்தாள். முகம் மலர்ந்துவிட்டது. “நிஜமாவா? நாங்களே தச்சதுப்பா, நானும் என் ஃப்ரெண்டும். இந்தக் கைப்பக்கம் தெரியற மாதிரி எடுங்க, இந்த அலையெல்லாம் அவ போட்டது” என்றாள். இடது கையை நீட்டி, துணி விரல் தாண்டித் தொங்க, மணி அடிப்பதுபோல் நின்றாள். சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பையன்கள் திரும்ப மேலேறி வரும்போதே இளமதியின் போன் அதிர்ந்தது. குரூப்பில் அந்தப் போட்டோ வந்திருந்தது. மேலே, ‘தமிழ் லைவ் ஆக்‌ஷன், பாகம் இரண்டு’. அவளுடைய வரிதான், வளர்ந்து கால் முளைத்து நடந்து வந்திருந்தது. சிரிப்புப் பொம்மைகள் விழ ஆரம்பித்தன. அட்மினால் அழிக்க முடியும். அழித்தாள். “டேய், தூக்கிட்டாங்கடா!” “யாரு?” “உப்புக்காற்று.” “அதுக்கு என்னடா வலிக்குது?” “வலிச்சா வலிக்கட்டும், மறுபடி போடுறா.” மறுபடி வந்தது. மறுபடி அழித்தாள். இந்த முறை வேறொருவன் போட்டான், வேறெங்கிருந்தோ இன்னொருவன். உப்புக்காற்று ஒன்று எழுதலாம். நன்றாக எழுதும். ‘ஒரு பெண் தன் கையால் தைத்துப் போட்டதைச் சிரிக்கும் நாம்’ என்று ஆரம்பித்தால் போதும், பத்தே வரியில் எல்லோரும் வாயடைத்துப் போவார்கள், ரோஸ்லின் ஒருநாள் அதை யாரிடமாவது பார்த்து, கடைசியில உப்புக்காற்று பேசிருச்சுடி என்று சந்தோஷமாகச் சொல்வாள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வாள். முதல் சொல்லை எழுதிவிட்டாள். எழுதிய சொல்லுக்குப் பக்கத்தில் கோடு ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. எவ்வளவு சுத்தமாக வருகிறது, வேர்வையே இல்லாமல். வீட்டுக்குப் போய் மெதுவாகச் சொல்லலாம். காய்ச்சல் சரியான பிறகு. காய்ச்சலே இல்லையே. போனில் சொல்லலாம், போனில் முகம் தெரியாது. சொன்னால் அவள் இனி பேச மாட்டாள். சொல்லாவிட்டால் பேசிக்கொண்டே இருப்பாள், வாழ்நாள் முழுக்க, என் ஃப்ரெண்ட் போட்ட அலை என்று யார் யாரிடமோ காட்டிக்கொண்டு. எது அதிகம் தாங்க முடியாதது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த அம்மாளும் மகளும் பாப்கார்னோடு திரும்பி வந்தார்கள். “கொஞ்சம் காலை மடக்கிக்கம்மா” என்றாள் அம்மாள். பிறகு நின்று உற்றுப் பார்த்தாள். “என்னம்மா இப்படி வேர்த்து ஊத்துது, உடம்பு கிடம்பு சரியில்லையா?” விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. “இல்லீங்க. நல்லாத்தான் இருக்கேன்” என்றாள் இளமதி. சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டிருந்தாள்.

படிகளின் ஓரத்தில் பதித்த சின்ன விளக்குகள் மட்டும்தான் வழி. பையன்களின் வரிசையைக் கடந்தாள். திரும்பிப் போய்விடலாம், கழிவறைக்குப் போவதுபோல் வெளியே போய் அப்படியே ஆட்டோ பிடித்துவிடலாம், யாரும் பார்க்கவில்லை என்று ஒவ்வொரு படியும் சொன்னது. நான்காவது வரிசையில் நுழைந்தாள். இரும்பு இருக்கைகளில் முழங்கால் இடித்துக்கொண்டே போனது. ரோஸ்லின் நிமிர்ந்தாள். திரையின் நீல வெளிச்சத்தில் முதலில் ஆச்சரியம், பிறகு பெரிய சிரிப்பு. “ஏய், மதி! காய்ச்சலோட வந்துட்டியாடி? லூசு, சொல்லியிருந்தா வாசல்ல நின்னுருப்பேன்ல” என்று அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். “ஏன்டி கையெல்லாம் ஈரமா இருக்கு?” துணியால் துடைத்துவிட்டாள், கோட்டின் அந்தத் தொங்கும் கையாலேயே. இளமதி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், விடவில்லை. திரையில் கடல் இரைந்தது. அதைவிடச் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது, இருந்த சத்தம் முழுவதையும் எடுத்து.

“காய்ச்சல் இல்ல. நான் ஆரம்பத்துலேர்ந்தே மேலதான் உக்காந்திருந்தேன்.”

“என்ன?”

“உப்புக்காற்று நான்தான்டி. அந்த லைவ் ஆக்‌ஷன் வரியும் கரும்பூனை எழுதினதில்ல. நான் எழுதினது.”

பின்னாலிருந்து யாரோ “உக்காருங்கம்மா, மறைக்குது” என்றார்கள். ரோஸ்லினின் பிடி மெல்லத் தளர்ந்தது. விட்ட கை மடிக்குப் போகாமல் நடுவழியில் கொஞ்ச நேரம் நின்றது. முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டாள். திரையில் மணி அடித்தது, ஒரு படகு பனியிலிருந்து மூக்கை நீட்டியது, மறுபடி மறைந்தது. சிரிப்பு எப்போது போயிற்று என்று தெரியவில்லை, கன்னம் மட்டும் இன்னும் உப்பினாற்போல் இருந்தது. “அம்மா, உங்களத்தான்!” என்றது பின்குரல். இளமதி நின்றுகொண்டே இருந்தாள். இன்னொரு முறை மணி அடித்தது. இன்னொரு முறை. ரோஸ்லின் அவளைப் பார்க்காமலே கையை நீட்டி, பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.